மரச்சீனியும் இரண்டு வயிறுகளும்

களியக்காவிளையைக் கடந்து பாறசாலைக்குள் போனால் கடைப் பலகைகளின் எழுத்து மாறுகிறது. வீடுகளின் பின்புறம் மாறுவதில்லை. 1956 நவம்பர் 1ஆம் தேதி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. அதற்குப் பிறகும் எல்லையின் இரு பக்கத்துக் குடும்பங்களும் ஒரே மாதிரிதான் பயிர் வைக்கின்றன, ஒரே மாதிரிதான் சாப்பிடுகின்றன. செங்கல், காரோடு, குளத்தூர், வெள்ளறடை என்று எந்த ஊருக்குப் போனாலும் தென்னையும் வாழையும் ரப்பரும் இருக்கும். ஒரு ஓரத்தில் பத்துப் பதினைந்து மூடு மரச்சீனி நிற்கும். அதற்குப் பக்கத்தில் ஒன்றிரண்டு பசுக்கள் கட்டிய தொழுவம் இருக்கும்.

மரச்சீனி இந்தப் பகுதியின் பசியை ஆற்றிய கிழங்கு. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதைக் குடிமக்களிடம் பரப்பினார். இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி வருவது நின்றபோது, தென் திருவிதாங்கூர் இந்தக் கிழங்கைத் தின்றுதான் உயிர் பிழைத்தது. இன்றும் அவித்த மரச்சீனியும் மீன்கறியும் இங்கே மாலைப் பசிக்குப் போதும். கிழங்கு வீட்டுக்கு, உரித்த தோல் தொழுவத்துக்கு என்பது பல வீடுகளில் பழக்கம்.

அந்தப் பழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பதை 2023ஆம் ஆண்டின் கடைசி நாளில் கேரளம் பார்த்தது. இடுக்கி மாவட்டத்தில் தொடுபுழைக்குப் பக்கத்திலுள்ள வெள்ளியாமற்றத்தில், மரச்சீனித் தோலைத் தின்ற 13 மாடுகள் அன்று ஒரே தொழுவத்தில் விழுந்து செத்தன. தோலிலிருந்து உண்டான சயனைடுதான் காரணம். கேரளமே துக்கப்பட்ட சம்பவம் அது. ஆனால், அதன் அடியிலிருந்த உடற்கூறுக் கேள்வியைப் பலரும் கேட்கவில்லை. மனிதனுக்கு இருப்பது ஒரே ஒரு சின்ன இரைப்பை. மாட்டுக்கோ நான்கு அறைகள் கொண்ட பெரிய வயிறு; கல்லைப்போல் கிடக்கும் வைக்கோலையும் கரைக்கக்கூடியது. அப்படியிருக்க, ஒரே செடியின் நஞ்சு மாட்டை ஏன் இவ்வளவு வேகமாகச் சாய்க்கிறது? இந்த அத்தியாயம் அந்தக் கேள்விக்கான பதில்தான். பதிலைத் தேடிப் போனால் பசுவின் உடலும் நம் உடலும் எங்கே ஒன்று, எங்கே வேறு என்பது துலங்கிவிடும்.

ஒற்றுமைகளை முதலில் சொல்லிவிடலாம். பசுவுக்கும் நமக்கும் கழுத்தெலும்பு ஏழு. இதயத்தில் நான்கு அறைகள். வளர்ந்த பிறகு வாயில் 32 பற்கள். கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணினால் மனிதக் கர்ப்பம் 280 நாள். பசுவின் சினைக்காலமும் ஏறத்தாழ அதே 280 நாள். விலா எலும்பில் மட்டும் அதற்கு ஒரு ஜோடி கூடுதல், 13. பசுவின் பின்னங்காலில் பின்பக்கமாக மடங்கி நிற்கும் மூட்டைப் பலரும் முழங்கால் என்று நினைக்கிறார்கள். அது குதிகால். முன்னங்காலில் நாம் முழங்கால் என்று சொல்வது மணிக்கட்டு. பசு தன் மூன்றாவது, நான்காவது விரல்களின் நுனியில் நிற்கிறது. குளம்பு என்பது அந்த இரண்டு விரல்களின் நகம். பிறந்த மனிதக் குழந்தையின் சிறுநீரகம்கூட மாட்டுச் சிறுநீரகத்தைப் போலத் துண்டு துண்டாகப் பிரிந்த மேற்பரப்போடுதான் இருக்கிறது. வளர வளர அது வழுவழுப்பாகிவிடுகிறது. இரண்டு உடல்களுக்கும் அடிப்படை வரைபடம் ஒன்றுதான்.

வேறுபாடு வாயில் தொடங்குகிறது. 32 பற்கள் இருந்தாலும் பசுவின் மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது; அந்த இடத்தில் தடித்த ஈறு மேடுதான் இருக்கிறது. புல்லைச் சொரசொரப்பான நாக்கால் சுற்றி இழுத்து, கீழ்ப்பற்களுக்கும் அந்த மேட்டுக்கும் இடையில் பிடித்து அறுக்கிறது. அரைகுறையாக மென்று விழுங்கிவிடுகிறது. நாம் சோற்றில் ஒரு சிறு கல் இருந்தாலும் உதட்டிலும் நாக்கிலும் கண்டுபிடித்துத் துப்பிவிடுவோம். பசுவுக்கு அந்தச் சோதனை வாயில் இல்லை. வைக்கோல் கட்டோடு வந்த கம்பித் துண்டு, ஆணி, ஊசி எல்லாம் உள்ளே போய்விடும்.

அப்படிப் போகும் இரும்பு பெரும்பாலும் இரண்டாவது அறையில் தங்குகிறது. தேன்கூடு போன்ற உள்சுவர் கொண்ட அறை அது. அதற்கு முன்னால் உதரவிதானம்; உதரவிதானத்துக்கு முன்னால், சில விரற்கடை தூரத்தில், இதயம். அறை ஒவ்வொரு தடவை சுருங்கும்போதும் ஆணி கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறி, உதரவிதானத்தைத் துளைத்து, இதயத்தைச் சுற்றியுள்ள உறையில் குத்திவிடுகிறது. அப்படிப்பட்ட பசு முதுகைக் கூனிக்கொண்டு நிற்கும், மேட்டிலிருந்து இறங்கத் தயங்கும், தீனியைக் குறைத்துவிடும். நிமிர்ந்து நடக்கும் மனிதனுக்கும் இரைப்பைக்கு மேலே உதரவிதானமும் அதன்மேல் இதயமும்தான் இருக்கின்றன. ஆனால் நம் இரைப்பையில் கனமான பொருள் தங்கித் தினமும் இதயத்தின் பக்கம் தள்ளப்படும் அமைப்பு கிடையாது.

ஆணி துளைக்கும் அந்த இதய உறையைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். உறுதியும் நெகிழ்வும் சேர்ந்த அந்தச் சவ்வைப் பதப்படுத்தி, மனிதருக்குப் பொருத்தும் இதய வால்வுகளை உலகெங்கும் செய்கிறார்கள். பாறசாலைக்காரர்கள் இதயக் கோளாறுக்குப் போகும் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கி 1990இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்திய சித்ரா வால்வு, உலோகமும் பிளாஸ்டிக்கும் கொண்ட இயந்திர வால்வு. அதைப் பொருத்திக்கொண்டவர் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். மாட்டின் இதய உறையில் செய்த வால்வுக்குப் பெரும்பாலும் அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் அது ஆண்டுகள் செல்லச் செல்லத் தேய்ந்துபோகும். ஒரு பசுவின் இதயச் சவ்வு மனித மார்புக்குள் ரத்தத்தின் வழியைத் திறந்து மூடிக்கொண்டிருக்க முடிகிறது என்பது, இரு உடல்களின் நெருக்கத்துக்கு எனக்குத் தெரிந்த மிகப் பெரிய சாட்சி.

இனி வயிற்றுக்கு வருவோம். இந்த ஒப்பீட்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

மனித இரைப்பை ஒன்றரை லிட்டர் கொள்ளும். வளர்ந்த பசுவின் முதல் அறையான ரூமன் மட்டுமே 100 லிட்டருக்கு மேல் கொள்ளும்; வயிற்றின் இடது பக்கம் முழுவதையும் அது அடைத்துக்கொண்டிருக்கிறது. பசுவின் இடது விலாவுக்குப் பின்னாலுள்ள பள்ளத்தில் கைமுட்டியை அழுத்தி வைத்துக் காத்திருங்கள். நிமிடத்துக்கு ஒன்றிரண்டு தடவை உள்ளிருந்து ஓர் அலை எழுந்து கையைத் தள்ளும். அதுதான் ரூமன் புரளும் அசைவு. மாட்டு டாக்டர் வந்ததும் இடது பக்கத்தில் காதுக்குழாயை வைப்பது இதைக் கேட்கத்தான்.

ரூமனின் சுவரில் செரிமான நீர் சுரப்பதில்லை. அமிலமும் சுரப்பதில்லை. அங்கே நடப்பது நொதித்தல். இட்லி மாவு இரவில் புளித்துப் பொங்குகிற அதே வகை வேலை. ஒரு மில்லிலிட்டர் ரூமன் நீரில் ஆயிரம் கோடிக்கு மேல் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றோடு ஒருசெல் உயிர்களும் பூஞ்சைகளும். வைக்கோலிலுள்ள செல்லுலோஸ் சங்கிலியை அறுக்கும் நொதி பசுவின் உடலில் உண்டாவதில்லை. நம் உடலிலும் உண்டாவதில்லை. அதைச் செய்வது இந்த நுண்ணுயிர்கள்தான். அரிசியின் மாவுச்சத்தும் வைக்கோலின் செல்லுலோஸும் இரண்டுமே குளுக்கோஸ் சங்கிலிகள். இணைப்பின் திசை மட்டும் வேறு. அந்தச் சிறு வேறுபாட்டால் நெல்மணி நமக்கும் தாள் மாட்டுக்கும் என்று ஆனது.

நுண்ணுயிர்கள் குளுக்கோஸைப் பசுவுக்கு அப்படியே விட்டுத் தருவதில்லை. தாங்கள் தின்று, அசிட்டிக், புரோப்பியோனிக், பியூட்டிரிக் அமிலங்களை வெளியே விடுகின்றன. ரூமன் சுவர் அவற்றை உறிஞ்சுகிறது. பசுவுக்கு வேண்டிய ஆற்றலில் ஏறத்தாழ 70 சதவீதம் இந்த அமிலங்களிலிருந்தே வருகிறது. பாலின் இனிப்புக்கு வேண்டிய சர்க்கரையைக்கூடப் பசுவின் ஈரல், புரோப்பியோனிக் அமிலத்திலிருந்து புதிதாகத் தயாரிக்கிறது. அமிலம் தேங்கினால் நுண்ணுயிர்கள் செத்துவிடும். அதைச் சமன்செய்வது எச்சில். நமக்கு நாளுக்கு ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் எச்சில் சுரந்தால், பசுவுக்கு 100 லிட்டருக்கு மேல் சுரக்கிறது. அதில் சோடா உப்பு நிறைந்திருக்கிறது. நாளில் ஆறேழு மணி நேரம் படுத்து அசைபோடும் பசு ஓய்வெடுப்பதாக நமக்குத் தோன்றும். உண்மையில் அது தன் ரூமனுக்கு மருந்து சுரந்துகொண்டிருக்கிறது.

மூன்றாவது அறையில் தண்ணீர் பிழியப்படுகிறது. நான்காவது அறை, அபோமேசம், நம் இரைப்பையின் உடன்பிறப்பு: அதே அமிலம், அதே பெப்சின். நான்கு வயிறு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கிறோம். நம்முடையதோடு ஒப்பிடத்தக்க வயிறு கடைசியில் வரும் அந்த ஒன்றுதான். அங்கே வந்து சேரும் நுண்ணுயிர்களின் உடலே பசுவுக்குப் புரதம். அவற்றின் சுவரை உடைக்க லைசோசைம் என்ற நொதி அங்கே நிறையச் சுரக்கிறது. 1987இல் ஆலன் வில்சனின் ஆய்வுக்குழு, இலை தின்னும் அனுமன் குரங்கின் வயிற்று லைசோசைம், பசுவினுடையதைப் போலவே மாறியிருப்பதைக் காட்டியது. நெய்யாறு பிறக்கும் அகத்தியமலைக் காடுகளில் வாழும் கருமந்தியும் இதே இலைதின்னிக் குரங்குக் குடும்பம். வம்சத்தில் அது நமக்கு நெருக்கம்; இலையை முன்வயிற்றில் நொதிக்க வைத்துப் பிழைப்பதில் பசுவுக்கு நெருக்கம். ஒரு விலங்கு எதைத் தின்று வாழ்கிறதோ அதற்கேற்பவே வயிறு உருவாகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

நம் உடலில் வரிசை தலைகீழ். முதலில் அமிலம், அப்புறம் சிறுகுடல், கடைசியில்தான் நுண்ணுயிர்களின் பெருங்கூட்டம். நமக்கும் ஒரு சின்ன ரூமன் உண்டு என்று சொல்லலாம், அது பெருங்குடல். கீரையின் நாரும் வாழைத்தண்டின் நாரும் அங்கே நொதித்துக் கொஞ்சம் ஆற்றல் தருகின்றன. ஆனால் அது சிறுகுடலுக்குப் பின்னால் இருப்பதால், அங்கே விளையும் பல நல்ல பொருள்கள் நமக்கு எட்டுவதில்லை. வைட்டமின் பி12 அப்படிப்பட்டது. பசுவின் ரூமன் நுண்ணுயிர்கள் கோபால்ட்டைக் கொண்டு அதைத் தயாரிக்கின்றன; பிறகு அது சிறுகுடல் வழியாகப் போகும்போது உடலில் சேர்கிறது. நம் பெருங்குடல் நுண்ணுயிர்களும் அதைத் தயாரிக்கின்றன. அதை உறிஞ்சும் இடமோ சிறுகுடலின் கடைசிப் பகுதி; அதைத் தாண்டிய பிறகு விளைவதால் பயனில்லை. மீனும் இறைச்சியும் முட்டையும் தொடாதவர்களுக்குப் பாலும் தயிரும் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கான விடை, இரண்டு குடல்களின் இந்த வரிசையில் இருக்கிறது.

அமிலத்தை முன்னால் வைத்ததற்கு நாம் கொடுக்கும் விலையும் உண்டு. எவரெஸ்ட் ஏற 1922இலும் 1924இலும் முயன்ற குழுக்களில் இருந்த தியோடர் ஹோவர்ட் சோமர்வெல் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர், அதே காலத்தில் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்து பல ஆண்டுகள் வேலை பார்த்தார். அன்று நெய்யூரும் பாறசாலையும் ஒரே திருவிதாங்கூர். சிறுகுடலின் தொடக்கத்தில் வரும் புண், இந்தப் பகுதி மக்களிடம் வழக்கத்துக்கு மாறாக மிகுந்திருப்பதை அவர் கண்டார். ஏராளமான வயிறுகளை அறுத்துச் சரிசெய்தார். இரைப்பை அமிலத்துக்குள்ளும் தாக்குப்பிடித்து வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவே அத்தகைய புண்களுக்குப் பெரும் காரணம் என்பது 1980களில்தான் தெரிந்தது. அதைக் கண்டுபிடித்த ராபின் வாரனுக்கும் பாரி மார்ஷலுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது மரச்சீனித் தோலுக்குத் திரும்பலாம். அதில் லினாமரின் என்ற பொருள் இருக்கிறது. குளுக்கோஸோடு சயனைடு கட்டிப்போடப்பட்டிருக்கும் மூலக்கூறு அது. கட்டு அவிழாத வரை பெரிய தீங்கு செய்யாது. சதையைவிடத் தோலிலும் இலையிலும் அது அதிகம். கட்டை அவிழ்க்கும் நொதி செடியிலேயே இருக்கிறது. தோலைச் சீவும்போதும் மெல்லும்போதும் இரண்டும் கலக்கின்றன. நம் இரைப்பைக்குள் போனால் அமிலம் அந்த நொதியை முடக்கிவிடுகிறது. அவிழாத லினாமரினின் ஒரு பகுதி அப்படியே சிறுநீரில் வெளியேறிவிடுகிறது. ரூமனில் நம் இரைப்பையிலுள்ளது போன்ற கடும் அமிலம் இல்லை. செடியின் நொதி அங்கே தடையின்றி வேலை செய்கிறது; கூடவே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குளுக்கோஸுக்காக அதே கட்டை அறுக்கின்றன. சிறிது நேரத்துக்குள் சயனைடு மொத்தமாக விடுபட்டு ரத்தத்தில் ஏறிவிடுகிறது. செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியாமல் போகின்றன. ரத்தம் ஆக்சிஜனோடு பளிச்சென்று சிவந்திருக்கும்போதே மாடு மூச்சுத் திணறி விழுகிறது. வைக்கோலைச் சத்தாக்கும் அதே திறமை இங்கே மாட்டுக்கு எமனாகிறது. ஆட்டுக்கும் இதே கதிதான். மரச்சீனியின் குடும்பத்தைச் சேர்ந்த ரப்பர் மரத்தின் இலையிலும் லினாமரின் உண்டு என்பதை வெள்ளறடைப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

மனித இரைப்பை இதை முழுக்கத் தாங்கிவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. நம்மைக் காப்பாற்றுவதில் வயிற்றைவிடச் சமையலறைக்குப் பங்கு அதிகம். தோலை உரிப்பது, நறுக்கித் தண்ணீரில் கொதிக்க வைப்பது, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டுவது என்ற மூன்றையும் இப்பகுதிப் பெண்கள் தலைமுறைகளாகச் செய்கிறார்கள். விடுபட்ட சயனைடு கொதிநிலையில் ஆவியாகிவிடும், மிச்சம் தண்ணீரோடு போய்விடும். மாட்டுக்கு நாம் கொடுப்பதோ, அந்தச் சமையல் விலக்கி வைத்த பகுதியை, பச்சையாக.

இதற்கு நேர்மாறான ஒரு மரணமும் உண்டு. 2024 ஜூன் மாதம் கொல்லம் மாவட்டம் வெளிநல்லூரில் ஒரு பண்ணையில் ஐந்து பசுக்கள் செத்தன. அவற்றுக்குப் பரோட்டாவும் பலாப்பழமும் அளவுக்கு மேல் கொடுக்கப்பட்டிருந்தன. இதில் நஞ்சு எதுவும் இல்லை. மனிதன் நாலு பரோட்டா தின்றால் மாவுச்சத்து சிறுகுடலில் உடைந்து குளுக்கோஸாக ரத்தத்தில் சேரும். பசுவுக்கு அது முதலில் ரூமனில் விழுகிறது. மாவையும் சர்க்கரையையும் விரும்பும் பாக்டீரியாக்கள் திடீரென்று பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டுகின்றன. நார் தின்னும் கூட்டம் சாகிறது. ரூமன் அசைவு நிற்கிறது. ரத்தத்திலுள்ள தண்ணீர் வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. அமிலம் ரத்தத்தில் ஏறுகிறது. எச்சிலின் சோடா உப்பால் இவ்வளவு அமிலத்தை ஈடுகட்ட முடிவதில்லை. கல்யாணப் பந்தியில் மிஞ்சிய சோறும் பாயசமும் குட்டுவம் நிறையத் தொழுவத்துக்குப் போகும் ஊர்களில் இது எந்த வீட்டிலும் நடக்கலாம். அன்போடு செய்வதுதான், பசுவின் வயிற்றை நம் வயிறாக நினைத்துச் செய்வது.

பசு நம்மைப் போன்ற வயிற்றோடு வாழும் காலம் ஒன்று உண்டு: கன்றுப் பருவம். கன்று தாய்மடியில் முட்டிக் குடிக்கும்போது உணவுக்குழாயின் முடிவில் ஒரு மடிப்பு குழாய்போல மூடிக்கொள்கிறது. பால் ரூமனைத் தொடாமல் நேரே நான்காவது அறைக்குப் போகிறது. அந்த வயதில் நான்கில் பெரியதும் அந்த அறைதான். புல் கொறிக்கத் தொடங்கிய பிறகே ரூமன் வளர்கிறது.

கன்றுக்கும் குழந்தைக்கும் இடையே மறக்கக் கூடாத வேறுபாடு கருப்பையில் இருக்கிறது. மனித நஞ்சுக்கொடியில் கருவின் திசு தாயின் ரத்தத்திலேயே நனைகிறது. தாயின் நோயெதிர்ப்புப் புரதங்கள் அதன் வழியாகக் குழந்தைக்குப் போய்விடும். பசுவின் கொடி நூறு பொத்தான்கள் பிடித்தாற்போல் கருப்பைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. நடுவே உள்ள திசு அடுக்குகள் அந்தப் புரதங்களை விடுவதில்லை. ஆகவே கன்று ஏறத்தாழ எந்த எதிர்ப்புச் சக்தியும் இல்லாமல் பிறக்கிறது. அதற்கு வேண்டியது முழுக்கச் சீம்பாலில் இருக்கிறது. கன்றின் குடல் அப்புரதங்களை முழுசாக உள்ளே விடுவது முதல் நாள் மட்டும்தான். அதுவும் மணிக்கு மணி குறைந்துகொண்டே வரும். இளங்கொடி விழட்டும் என்று காத்திருந்து, அதை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டிவிட்டு வந்து கன்றை ஊட்டவிடும் வீடுகளில், கன்றின் மிக நல்ல மணிநேரங்கள் வீணாகின்றன. கொடி எப்போது விழுந்தாலும் சரி, கன்று எழுந்து நின்றதும் மடிக்கு விடுங்கள்.

மரச்சீனித் தோலையும் பச்சை இலையையும் தொழுவத்துக்குக் கொண்டு போகாதீர்கள். வாடிய இலையும் ஆபத்துதான். தோலைத் தீனியாக்கியே ஆகவேண்டும் என்றால் நறுக்கி, பல நாள் நல்ல வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்து, மற்றத் தீனியோடு கொஞ்சமாகக் கலந்து பழக்குங்கள். தின்ற சற்று நேரத்தில் மாடு வேகமாக மூச்சு வாங்கினாலோ, நடுங்கித் தள்ளாடினாலோ, வீட்டு வைத்தியத்தில் நேரம் போக்க வேண்டாம். சோடியம் நைட்ரைட்டும் சோடியம் தயோசல்பேட்டும் ஊசி வழியாக ரத்தக்குழாயில் ஏற்றப்பட்டால் சயனைடை முறிக்கலாம். அதை மாட்டு டாக்டர்தான் செய்ய முடியும். அவருடைய எண்ணை இன்றே தொழுவச் சுவரில் எழுதி வையுங்கள்.